எட்டாவது காப்டன்

ஓர் அட்டை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் மட்டையைத் தோளில் வைத்துக் கொண்டு நிற்கும் ஓர் ஆட்டக்காரரின் படம். இதற்கு ஒருவர் கொடுத்த விலை 1 கோடியே 26 லட்சம் டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய்!

2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், தாராபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக் கொண்டே இந்தச் சமாசாரத்தைப் பத்திரிகையில் படித்தேன். படித்த வேகத்தில் பாதிக் காப்பி வேஷ்டிக்குப் போய்ச் சேர்ந்தது. என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, அத்தனை காசு போட்டு வாங்கி அந்த அட்டையை அவரு என்ன பண்ணுவாரு?" என்று கேட்டாள்.

"பெட்டியில் வைத்துப் பூட்டுவார்."

"பூட்டி வெக்கறதுக்கா?" என்று சொல்லிவிட்டு, வேஷ்டிக் கறையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி உள்ளே போனாள்.

அவள் கேட்டது நியாயந்தான். ஆனாலும் அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் ஓர் அட்டைக்கு விலை கொடுத்தவன். கொடுத்தது பணமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன், அட்டைகளின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், சிகரெட்டுகளைக் காகிதப் பொட்டணத்தில் போட்டு விற்றார்கள். பையில் வைத்தால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். சும்மா இருக்கும் அட்டையில் ஒரு படத்தைத்தான் போடுவோமே என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியது. நடிகைகள், ராஜாக்கள், போர்க் கப்பல்கள் எல்லாம் வந்தன. அப்புறம் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 1896-இல் இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 50 கிரிக்கெட்காரர்களின் படங்களை வெளியிட்டது. நம்முடைய ரஞ்சித்சிங்ஜியும் அக்காலத்தில் சிகரெட் அட்டைகளில் ஏறியவர்தான். அப்பன் புகையை விட்டான். பிள்ளை படத்தை வைத்துக் கொண்டான். யுத்தத்தில் காகிதப் பஞ்சம் வந்து, 1940-இல் இங்கிலாந்தில் இது நின்று போயிற்று. அமெரிக்காவிலோ சிகரெட்டின் இடத்தை மிட்டாயும் சூயிங்கம்மும் பிடித்துக் கொண்டன.

இந்த அட்டைகளில் சில மட்டும் ஏன் அபூர்வமாகின்றன? அமெரிக்காவில் 1909-க்கும் 1911-க்கும் நடுவே வெளிவந்த ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை, ஆரம்பத்திலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. புகையிலையோடு தம் படம் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்கிறார்கள் சிலர். பணம் கேட்டார், கொடுக்கவில்லை என்கிறார்கள் வேறு சிலர். எப்படியோ, இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 60-க்கு மேல் இரா. அதனால் அவை அபூர்வம். இது புரிகிறது.

ஆனால் அந்த 100 கோடி ரூபாய் அட்டையின் கதை வேறு. அதில் இருப்பவர் மிக்கி மேன்டில். டாப்ஸ் கம்பெனி 1952-இல் அச்சிட்டது. நிறையத்தான் அச்சிட்டார்கள்; அந்தக் கடைசி வரிசை விற்கவில்லை. கிடங்கில் எட்டு வருஷம் கிடந்தது. யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்குவதாயில்லை. 1960-இல் மிச்சத்தையெல்லாம் படகில் ஏற்றிக் கொண்டு போய் அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டிவிட்டதாக, அந்த அட்டைகளை உருவாக்கியவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கடலுக்குத் தப்பியவற்றில் பெரும்பாலானவற்றைத் தாய்மார்கள் கவனித்துக் கொண்டார்கள். பையன் காலேஜுக்குப் போனதும் அறையைப் பெருக்கிக் குப்பையில் சேர்த்தார்கள். ஆகவே அபூர்வத்தை உண்டாக்குகிறவர் சேகரிப்பவர் அல்ல, எறிகிறவர்தான். இந்த உண்மை எனக்கு 12 வயதிலேயே தெரியும்.

அது 1987. ரிலையன்ஸ் கோப்பைக்காக உலகத்துக் கிரிக்கெட்காரர்களெல்லாம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்து ஆடிய வருஷம். தாராபுரம் அப்போது பெரியார் மாவட்டத்தில் இருந்தது. அமராவதியில் தண்ணீர் வற்றிய மாதங்களில் ஆற்று மணலில் தென்னை மட்டையை வைத்துக் கொண்டு ஆடுவோம். மற்ற மாதங்களில் படம் சேர்ப்போம். 'பிக் ஃபன்' மாதிரியான பபிள்கம்களோடு கிரிக்கெட் படங்கள் வந்து கொண்டிருந்த காலம் அது. கையில் அகப்பட்ட காசெல்லாம் பெட்டிக் கடைக்குப் போயிற்று. தாடை வலிக்க வலிக்க மென்றோம்.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே லட்சியம்: கோப்பைக்கு ஆடிய எட்டு நாடுகளின் எட்டுக் காப்டன்களையும் ஒரே பக்கத்தில் ஒட்ட வேண்டும். கபில்தேவ், இம்ரான்கான், விவியன் ரிச்சர்ட்ஸ், ஆலன் பார்டர், மைக் கேட்டிங், ஜெஃப் குரோ, துலீப் மெண்டிஸ். ஏழு பேர் ஆயிற்று. எட்டாவது ஆசாமி ஜிம்பாப்வேயின் ஜான் ட்ரைகோஸ்.

இந்த ட்ரைகோஸ் முதலில் எல்லோரிடமும் இருந்தார். ஜிம்பாப்வே அந்தக் கோப்பையில் ஆடிய 6 ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. தோற்கிற அணியின் படத்தை எவன் வைத்துக் கொள்வான்? சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே செருகி, 'படபட'வென்று மோட்டார் சைக்கிள் மாதிரிச் சத்தம் வர ஓட்டுவதற்கு ட்ரைகோஸைத்தான் உபயோகித்தோம். எட்டுக் காப்டன்கள் என்ற எண்ணம் யாருக்கோ உதித்துத் தேடியபோது, தாராபுரம் முழுவதிலும் ஒரே ஒரு ட்ரைகோஸ்தான் மிச்சம்.

அது என் நண்பனிடம் இருந்தது. அவன் தகப்பனார் சைக்கிள் கடை வைத்திருந்தார். அதனால் அவனை நாங்கள் 'சைக்கிள்கடை' என்றே கூப்பிடுவோம். பழுது பார்க்க வந்த ஒரு சைக்கிளின் சக்கரத்திலிருந்து அவன்தான் அந்தப் படத்தை உருவி எடுத்திருந்தான். ஒரு மூலை மடிந்திருந்தது. வலது ஓரத்தில் அவனுடைய கட்டை விரல் கிரீஸில் அச்சாகப் பதிந்திருந்தது. என்னிடம் இருந்த இரட்டைப் படங்கள் அத்தனையும் தருகிறேன் என்றேன். ஸ்ரீகாந்த் இரண்டு சேர்த்துத் தருகிறேன் என்றேன். அவன் அசையவில்லை.

"பாவம்டா அந்த ஆளு. ஒருத்தனுமே வெச்சுக்க மாட்டீங்கறீங்க. நான் வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

டிசம்பர் மாதம், பல்லடத்திலிருந்து என் மாமா மகன் ஒறம்பரையாக வந்தான். அவனிடம் எட்டுப் பேரையும் காட்டிப் பெருமையடிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஒரே ஒரு ராத்திரி கொடு, காலையில் திருப்பித் தருகிறேன் என்று சைக்கிள்கடையிடம் கெஞ்சினேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கொடுத்தான்.

காலையில் நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரைப் பரிட்சைக்குப் படிக்காமல் படம் பார்த்துக் கொண்டிருக்கிறேன் என்ற கோபத்தில், என் தாயார் பிஸ்கட் டப்பாவோடு எடுத்துப் போய் எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். கபில்தேவும் இம்ரான்கானும் தென்னம் பாளையோடு சேர்ந்து எரிந்து கொண்டிருந்தார்கள். நான் போன போது டப்பா மட்டும் கறுத்துக் கிடந்தது. அழக்கூடத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் சைக்கிள்கடை கையை நீட்டினான். "எங்கடா?"

"உன்ர தமிழ்ப் புஸ்தகத்துல வெச்சுட்டனே!" என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவன் தமிழ்ப் புஸ்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஒரு தடவை உதறிப் பார்த்தான். "இல்லீடா" என்றான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள்.

1992-இல் ஒரு நாள் பத்திரிகையில் ட்ரைகோஸ் பெயர் தென்பட்டது. ஜிம்பாப்வே தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஹராரேயில் இந்தியாவோடு ஆடியது. 45 வயது ட்ரைகோஸ் 5 விக்கெட் எடுத்திருந்தார். டெண்டுல்கரை ரன்னே எடுக்க விடாமல், தாமே பந்து போட்டுத் தாமே பிடித்திருந்தார்! எகிப்தில் கிரேக்கத் தாய் தந்தையருக்குப் பிறந்தவர். 1970-இல் தென்னாப்பிரிக்காவுக்காக 3 டெஸ்ட் ஆடியவர். அதோடு அந்த நாட்டை உலகம் ஒதுக்கி வைத்ததால் அடுத்த டெஸ்டுக்கு 22 வருஷமும் 222 நாளும் காத்திருந்தவர். அத்தனை நீண்ட இடைவெளிக்குப் பிறகு டெஸ்ட் ஆடியவர் வேறு ஒருவரும் இல்லை. சைக்கிள்கடைக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு வாக்கியமும் எழுத வேண்டியிருக்குமே! எழுதவில்லை.

வேஷ்டியில் காப்பி கொட்டிய அன்றைக்குத்தான் எனக்கு ரோசம் வந்தது. பழைய சாமான்கள் சேர்க்கும் அன்பர்கள் பலருக்குச் சொல்லி வைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒருவரிடம் ட்ரைகோஸ் அகப்பட்டார். ஒரு பட்டுக்கரை வேஷ்டியின் விலைதான் கேட்டார். மூலை மடியவில்லை, கறை இல்லை, நேற்று அச்சிட்டது போல் கண்ணாடி உறைக்குள் இருந்தது. இந்த உலகத்தில் அட்டைக்கு நோயாளியைப் போலப் பரிசோதனை உண்டு. ஒன்றிலிருந்து பத்து வரை மார்க்குப் போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்து முத்திரை வைத்துத் தருவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. மனிதக் கை பட்ட அடையாளம் குறையக் குறைய மார்க்கு ஏறும்.

தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் சைக்கிள்கடையின் விலாசம் கிடைத்தது. திருப்பூரில் பத்துப் பேர் வேலை பார்க்கும் பவர்டேபிள் ஒன்று வைத்திருந்தான். தலை நரைத்திருந்தது.

"வாங்க, வாங்க! உக்காருங்க. கதையெல்லாம் எழுதறீங்களாமா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அந்த 'ங்க' என்னைச் சுட்டது. பேசாமல் அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

குனிந்து பார்த்தான். "ட்ரைகோசு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இது நம்முளது இல்லீங்களே. நம்முளதுல என்ர வெரலு பதிஞ்சிருக்குமே" என்றான்.

"அது எரிஞ்சு போச்சு. எங்கம்மா அடுப்புல போட்டுட்டாங்க. தமிழ்ப் புஸ்தகத்துல வெச்சேன்னு நான் சொன்னது பொய்" என்றேன். 35 வருஷம் தொண்டையில் நின்ற வாக்கியம், சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தெரியும்டா" என்றான். 'ங்க' போய்விட்டது.

"எப்படி?"

"அன்னிக்குப் பொழுதுசாய உங்கம்மா எங்கூட்டுக்கு வந்தாங்க. 'உங்க பையன் படம்னு தெரியாமப் போட்டுட்டனுங்க, அவன் ஒரு வாரமா ஆசையா வெச்சிருந்தானாம்'னு எங்கம்மாகிட்டச் சொன்னாங்க. ஒரு படி நெலக்கடலை குடுத்துட்டுப் போனாங்க."

என் தாயார் இதை என்னிடம் சொன்னதே இல்லை. காலமாகும் வரையில் சொல்லவில்லை. என் படங்களை எரித்ததற்காக என்னிடம் ஒரு நாளும் வருத்தப்படாதவள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஓர் அட்டைக்காக அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறாள்!

"அப்புறம் ஏண்டா என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டு வாங்கறதுக்கு அதென்ன வட்டிக் கடனா? நீயாச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். முழுப் பரிட்சை வரைக்கும் பாத்தேன். அப்புறம் இங்க வந்துட்டேன்."

நான் தலையைக் குனிந்து கொண்டேன். அவன் உறையைப் பிரித்து அட்டையை வெளியே எடுத்தான். பனியன் தூசி படிந்த கையால் எடுத்ததும் அதன் மார்க்கு பத்திலிருந்து எத்தனைக்கு இறங்கியதோ, எனக்குத் தெரியாது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தான், முன்பக்கம் பார்த்தான். ஹராரேயில் 22 வருஷம் கழித்து நடந்ததைச் சொன்னேன். வாயைத் திறந்து கொண்டு கேட்டான். "நாந்தான் அன்னிக்கே சொன்னனே, வெச்சுக்கோணும்னு!" என்று மேஜையைத் தட்டினான்.

பிறகு, "மத்த ஏழு பேரு எங்க?" என்றான்.

"அவங்களும் அடுப்புலதான் போனாங்க."

"அப்ப இவரு மட்டும் தனியா இருந்து என்ன பண்ணுவாரு? அவங்களையும் தேடு. ஒரே பக்கத்துல ஒட்டோணும்" என்று சொல்லி, ட்ரைகோஸைக் கணக்கு நோட்டில் வைத்து மூடினான்.

ஆகவே இப்போது என் உத்தியோகம் அதுதான். கபில்தேவும் இம்ரானும் சுலபமாகக் கிடைத்துவிட்டார்கள். ரிச்சர்ட்ஸுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தேன், மனைவிக்குத் தெரியாது. பார்டர், கேட்டிங், மெண்டிஸ் மூவரும் ஒரே பொட்டணத்தில் வந்து சேர்ந்தார்கள். நியூஸிலாந்தின் ஜெஃப் குரோவை மட்டும் எங்கும் காணோம். வாசகர்களில் யாரிடமாவது இருந்தால் தயவு செய்து பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். மூலை மடிந்திருந்தால் பாதகமில்லை. கிரீஸ் கறை இருந்தால் கூடுதல் விலை தரத் தயார்.