ஊத்துறதுக்கு முன்னாடி...

புதுக் கார் வாங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? நாலு சக்கரத்துக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம். கோயில் வாசலில் கற்பூரம். பின்கண்ணாடியில் குழந்தைகள் பெயர். டாஷ்போர்டில் குட்டிப் பிள்ளையார். எல்லாம் சரி ஸார், பானெட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் டிக்கியைத் திறந்து காட்டுவார்கள்!

எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் இந்தப் பரீட்சையை நடத்தியிருக்கிறேன். கணக்குப் பிரிவு நண்பர் ஒருவர்... பத்து பைசா உதைத்தால்கூட ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடுபவர். அவரே, "அதெல்லாம் சர்வீஸ்ல பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டார்.

"சர்வீஸ் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு வாட்டிதானே? நடுவுல?"

"அதான் லைட் எரியுமே!"

எரியும். அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்புப் படம். ஆனால் பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு சொல்வது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் விழுகிறது என்றால், உள்ளே இரும்பும் இரும்பும் ஆயில் இல்லாமல் உரச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இ.எம்.ஐ. திரும்பிய பிறகு பேங்க்கிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். மாதிரி. சேதி உண்மைதான், வந்த நேரம்தான் லேட். அது எரிந்தால், 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்ற பேச்சே கூடாது. அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும்.

முன்கூட்டியே சேதி சொல்ல ஒரு குச்சி இருக்கிறது. டிப்ஸ்டிக். இதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பேட்டை மெக்கானிக் பாய். சமமான தரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒரு டீ குடிக்கும் நேரம் விட வேண்டும். மேலே ஏறிய ஆயில் இறங்கி வர அவகாசம். பிறகு குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி உருவ வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நின்றால் ஷேமம்.

"கம்மியா இருந்தா ஊத்திடணும், அவ்ளோதானே பாய்?" என்றேன்.

பாய் சிரித்தார். "ஊத்துறதுக்கு நான் எதுக்கு சார்? பங்க்ல நிக்கிற பையனே ஊத்துவான். ஏன் கொறைஞ்சுதுன்னு கேளுங்க. அதான் வைத்தியம்."

இந்த ஒரு வரியை பானெட்டின் உள்பக்கம் எழுதி ஒட்டலாம். ஆயில் குறைந்தால் ஒன்று ஒழுகுகிறது, அல்லது எரிகிறது. காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஏ.ஸி. தண்ணீர் சொட்டினால் பரவாயில்லை. தொட்டால் பிசுபிசுக்கிறதா? ஒழுகல். சைலன்ஸரில் நீலப் புகையா? எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறியிருந்தால் உள்ளே கூலன்ட் கலந்திருக்கலாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எதற்கும் வழுக்கிக் கொடுக்காது.

அடுத்தது கூலன்ட். பக்கத்திலேயே பிளாஸ்டிக் டப்பா, அதிலும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எஞ்சின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. குக்கர் வெயிட்டைக் கையால் தூக்குவதற்குச் சமம், மூஞ்சி வெந்துவிடும். குறைகிறது என்று போர் தண்ணீரை ஊற்றினால், வீட்டு வாட்டர் ஹீட்டரில் படிகிற அதே உப்பு ரேடியேட்டரிலும் படியும். கம்பெனி புஸ்தகத்தில் சொன்ன கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும். கலக்க வேண்டிய ரகமாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர். பச்சை, ரோஸ் எல்லாம் வெறும் சாயம், நிறத்தை நம்பி ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். இன்னொன்று: பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், ஆனால் விஷம். மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை இருக்கும் வீடு, நாய் இருக்கும் வீடு... வேண்டாம் ஸார்.

இதுவரை சொன்னதெல்லாம் எஞ்சின் சமாசாரம். போனால் பணம் போகும். பிரேக் ஆயில் அப்படியல்ல.

2022-ல் அந்தக் கணக்குப் பிரிவு நண்பர் குடும்பத்தோடு நானும் ஏற்காடு போயிருந்தேன். அவர் கார், ஆறு வயசு. திரும்பும்போது சேலம் பக்கம் இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவர் நாலாவது கியரில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். பின்ஸீட்டில் குழந்தைகள் அந்தாக்ஷரி. பாதி மலையில் குரலைத் தாழ்த்தி, "ஸார், பெடல் கீழ போவுது" என்றார். பஞ்சை மிதிப்பது போல இருந்ததாம்.

"கியரைக் குறைங்க! விட்டு விட்டு மிதிங்க!"

மூன்றாவது, இரண்டாவது... எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக ஒருவழியாக நின்றோம். கீழே சேலம் அழகாகத் தெரிந்தது. யாரும் ரசிக்கவில்லை.

பிரேக் ஆயில் என்று பேரே தவிர, அது எஞ்சின் ஆயில் சாதியே இல்லை. (அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் ஸீல்கள் உப்பி, பிரேக்கே கெட்டுவிடும்.) அதற்கு ஒரு கெட்ட குணம்: காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 ரகம் குறைந்தது 230 டிகிரி செல்ஷியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த உத்தரவாதம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு இன்னும் மோசம்: 205-லிருந்து 140. மலையிறக்கத்தில் பிரேக் கொதிக்கக் கொதிக்க அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. திரவத்தை அழுத்தினால் அது சக்கரத்தைப் பிடிக்கும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் அமுங்கும்.

முக்கால் மணி நேரத்தில் சூடு ஆறி, பெடல் ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி விறைப்பாகிவிட்டது. அதை நம்பவில்லை. சேலத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். குடும்பம் பஸ்ஸில் இறங்கியது. மெக்கானிக் முதல் கியரில் காரை இறக்கி, ஷெட்டில் பழைய ஆயிலை வெளியே எடுத்தார். கும்பகோணம் டிகிரி டிகாக்ஷன் தோற்றது, அவ்வளவு கறுப்பு.

நண்பர் சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தார். ஆறு வருஷமும் ஒரே வரி: 'பிரேக் ஆயில் - செக்டு, ஓ.கே.' பொய் இல்லை! டப்பாவில் அளவு மேல்கோட்டில்தான் நின்றது. அளவைப் பார்த்தார்கள், வயசை யாரும் கேட்கவில்லை. பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். கம்பெனி புஸ்தகத்திலேயே இருக்கும்.

அளவு குறைந்தாலும் உடனே ஊற்றாதீர்கள். பாய் சொன்ன அதே கேள்விதான்: ஏன்? பிரேக் பேட் தேயத் தேய மட்டம் மெதுவாக இறங்கும். ஊற்றி நிரப்பினால் பேட் சொன்ன சேதியை அழித்த மாதிரி. மளமளவென்று இறங்கினால் ஒழுகல். அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

எலெக்ட்ரிக் கார்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். எஞ்சின் ஆயில் உங்களுக்கு இல்லை, சரி. பிரேக் ஆயில் உண்டு, பெரும்பாலும் கூலன்ட்டும் உண்டு. வைப்பர் தண்ணீர் எல்லோருக்கும் உண்டு. முன்னால் போகும் லாரி சேற்றை வாரி அடிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

எல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து நிமிஷ வேலை. தேவை ஒரு பழைய துணி. (பழையதுதானா என்று வீட்டில் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்!)

நண்பர் இப்போது பானெட்டுக்குள் ஒரு டேப் ஒட்டி, பிரேக் ஆயில் மாற்றிய தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். சர்வீஸுக்கு விடும்போது 'செக் பண்ணுங்க' என்று சொல்வதில்லை. "என்ன இருந்துது, எவ்ளோ கொறைஞ்சுது, ஏன் கொறைஞ்சுது... எழுதிக் குடுங்க" என்கிறார்.

கணக்குப் பிரிவு ஆச்சே!