தண்டனை குறைந்தால் யார் கேட்பது?

தண்டனை அதிகம் என்று குற்றவாளி மேல்முறையீடு செய்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தண்டனை குறைவு என்று அரசாங்கமே மேல்கோர்ட்டுக்குப் போக முடியுமா? அமெரிக்காவின் ஃபெடரல் கோர்ட்டுகளில் முடியும். போனால் மேல்கோர்ட் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பதில்தான் சண்டையே.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1980கள் வரை, சட்டம் சொன்ன அதிகபட்சத்தைத் தாண்டாத தண்டனையை மேல்கோர்ட்டுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஒரே மாதிரி குற்றத்துக்கு ஒரு ஜட்ஜ் ஒரு வருடம் கொடுப்பார், இன்னொருவர் பத்து வருடம் கொடுப்பார். இதைச் சரிசெய்ய 1984-ல் காங்கிரஸ் (கட்சி இல்லை, அமெரிக்க நாடாளுமன்றம்!) ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அமைந்த கமிஷன் ஓர் அட்டவணை தயாரித்தது. ஒரு பக்கம் குற்றத்தின் கனம், மறுபக்கம் பழைய குற்றப் பதிவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை மாதம் சிறை என்று இருக்கும். 1987-ல் இது அமலுக்கு வந்தது. ஜட்ஜ் அதற்குக் கீழே போனால் அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாம்.

ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை வதைப்பதாகாதா என்று தோன்றும். அரசுத் தரப்பின் இப்படிப்பட்ட மேல்முறையீடு அரசியல் சாசனத்தை மீறவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. அதுவும் 5-4 என்ற கணக்கில், நூலிழையில்.

2003-ல் காங்கிரஸ் பிடியை இன்னும் இறுக்கியது. 2005-ல் உச்ச நீதிமன்றம் புக்கர் வழக்கில் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. அட்டவணை இனி வெறும் ஆலோசனை. கொடுத்த தண்டனை நியாயமானதா என்று மட்டும் மேல்கோர்ட் பார்த்தால் போதும். சரி, எது நியாயம்? இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

முதலாவது, அயோவா பல்கலைக்கழக மாணவர் ஒருவருடையது. 2000-ல் எக்ஸ்டஸி மாத்திரை விற்கும் கும்பலில் சேர்ந்தார். ஏழே மாதத்தில் தானாக விலகினார். படிப்பை முடித்து, வேறு மாநிலம் போய், கட்டட வேலையில் முன்னேறி, சொந்தத் தொழில் தொடங்கினார். அதிகாரிகள் தேடி வந்தபோது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அட்டவணை சொன்னது 30 முதல் 37 மாதம் சிறை. ஜட்ஜ் சிறைக்கே அனுப்பவில்லை; 36 மாதம் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். 'இவ்வளவு குறைக்க அசாதாரணக் காரணம் வேண்டும்' என்று மேல்கோர்ட் அதை ரத்து செய்தது. 2007-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஜட்ஜ் பக்கம் நின்றது. எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்குப் போடாதே, குற்றவாளியை நேரில் பார்த்தவர் அவர்தான், அவர் சொன்ன காரணத்தை மதி என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது, அஹ்மத் ரெஸ்ஸாம் வழக்கு. 1999 டிசம்பரில் கனடாவிலிருந்து படகில் வந்து இறங்கியபோது காரில் வெடிமருந்தோடு பிடிபட்டவர். குறி, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம். அட்டவணைப்படி 65 வருடம் முதல் ஆயுள் வரை. 2001-ல் குற்றவாளி என்று தீர்ப்பானதும், அல் காய்தா பற்றிப் பல தகவல்களைக் கொடுத்தார். அதைக் கணக்கில் எடுத்து ஜட்ஜ் ஜான் கோஃப்னர் 2005-ல் 22 வருடம் விதித்தார். பிறகு ரெஸ்ஸாம் பின்வாங்கினார், சொன்னதையெல்லாம் மறுத்தார். 2008-ல் வழக்கு திரும்பி வந்தபோதும் அதே 22 வருடம்தான். 2012-ல் மேல்கோர்ட் 7-4 என்று அதை ரத்து செய்தது. அதே கோஃப்னர் 37 வருடம் விதித்தார்.

சட்டம் ஒன்றுதான். மாணவருக்குக் கிடைத்த சலுகை ரெஸ்ஸாமுக்கு ஏன் இல்லை? பயம்தான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மை இருக்கவும் கூடும். ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. மாணவர் விஷயத்தில் தண்டனையைக் குறைத்த காரணம் கடைசிவரை அப்படியே நின்றது. அவர் உண்மையிலேயே திருந்தியிருந்தார். ரெஸ்ஸாம் விஷயத்தில் முக்கியமான காரணம் பாதியில் உடைந்துவிட்டது, எண் மட்டும் மாறவில்லை. 'முன்பு உதவியது உதவிதானே' என்று வாதாட இடம் உண்டு. ஆனால் 2012-ல் மேல்கோர்ட்டில் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை.

இதே ஊரில் வேறு ஒரு கூத்தும் நடந்தது. 442 மாதம் அதிகம் என்று மேல்முறையீடு செய்தவருக்கு, அரசாங்கம் கேட்காமலேயே மேல்கோர்ட் 180 மாதம் கூட்டச் சொன்னது! தண்டனை போதாது என்றால் அரசாங்கம் வந்து கேட்கட்டும், நீங்களாகக் கூட்டாதீர்கள் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது.

கருணை காட்டும் ஜட்ஜ் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அது கேள்விகளைத் தாங்க வேண்டும். அவ்வளவு கேட்பது நியாயம்தான். அதே கேள்வியை, அட்டவணைப்படி அப்படியே 65 வருடம் கொடுக்கிற ஜட்ஜிடமும் இதே கண்டிப்போடு யாராவது கேட்கிறார்களா?