ஒரு வெட்டு, இரண்டு வெட்டு

போன மாதம் 12ஆம் தேதி ராத்திரி தங்கச்சி போன் செய்தாள். "ண்ணா, லேப்டாப் போச்சு. ஆன் ஆவுது, ஆனா பூட் டிவைஸ் இல்லன்னு கறுப்பா நிக்குது." பதினொரு வருடமாக மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்ற தோரணையில் போனிலேயே சொல்லிவிட்டேன், எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று. அது சரிதான். அதற்குப் பிறகு நான் செய்தது எதுவும் சரியில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க் சாகும் முன் டக் டக்கென்று முனகும். நாலு நாள் அவகாசம் கொடுக்கும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் இல்லை, நகர்கிற ஊசியும் இல்லை. காலையில் இருக்கும், ராத்திரி இருக்காது.

அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறாள். மீஞ்சூர் வீட்டிலிருந்து தினமும் யூனிட் ரயில். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் திகைத்து நிற்க, அவள் தானாகவே கற்றுக்கொண்டு ராத்திரிகளில் கணக்கு போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். இப்போது பதினாலு கடை. மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. தாண்டினால் வரி கட்டுகிறவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். 11ஆம் தேதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் செத்தது அந்த எஸ்எஸ்டி. நல்ல ஆத்மா.

"உள்ள இருக்கறதோட பேரு பாத்துச் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் வேணாம். எனக்குத் தெரியும்."

எனக்கு அவளிடம் ஒரு பழைய கடன் உண்டு. அரசு இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. நான் ப்ளஸ் டூ முடித்து வெளியே வந்திருந்தேன், அவள் படித்துக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளி. 2012இல் முத்திரை போட்ட லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் பாட்டு கேட்டாள். அப்புறம் அம்மா, "அவன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவனுக்குத்தான் வேணும்" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. என் ப்ராஜெக்ட், முதல் வேலைக்கான தயாரிப்பு எல்லாம் அதில்தான். அவள் பொன்னேரியில் பி.காம். படித்த வருடங்களில் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். நான் திருப்பிக் கொடுத்தபோது பேட்டரி பத்து நிமிடம் நின்றது. இப்போதிருக்கும் லேப்டாப் அவள் சம்பளத்தில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 2015 மாடல்.

அதனால் இந்த முறை இருப்பதிலேயே வேகமானதாக வாங்கித் தர வேண்டும் என்று ஒரு வீம்பு. அந்த மாடலின் பெயரைத் தேடினேன், எம்.2 ஸ்லாட் என்று போட்டிருந்தது. விநாடிக்கு 3500 எம்பி என்று எழுதியிருந்த ஒரு 512 ஜிபியை ஆர்டர் செய்தேன்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் இருந்தால் 2280 என்பார்கள். அதே வடிவத்துக்குள் இரண்டு வேறு மொழிகள் உண்டு. ஒன்று சாட்டா, ஹார்ட் டிஸ்க் காலத்தில் உருவானது, நடைமுறையில் விநாடிக்கு 550 எம்பி பக்கம் நின்றுவிடும். இன்னொன்று என்விஎம்இ, பிசிஐஇ பாதையில் ஓடுவது, பல மடங்கு வேகம். சில லேப்டாப் ஸ்லாட்டுகளுக்கு இரண்டும் புரியும். சிலவற்றுக்கு ஒன்றுதான் புரியும். காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் என் பக்கத்து சீட்டில் ஒடியா மட்டும் தெரிந்த தம்பி உட்காரலாம். சீட்டுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எங்கள் இருவருக்கும்தான் பேச்சு ஓடாது.

சனிக்கிழமை போய் மாட்டினேன். சாய்வாகச் செருகி, மேலே எழும்பி நிற்கும் நுனியை அழுத்தி, அந்தக் கடுகு சைஸ் ஸ்க்ரூவை முடுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பயாஸில் பெயர் வரவில்லை. "டிஃபெக்ட் பீஸ்" என்று தீர்ப்பு சொல்லித் திருப்பி அனுப்பி, மாற்று வரவழைத்தேன். செவ்வாய் ராத்திரி ஆபீஸ் முடிந்து சோழிங்கநல்லூரிலிருந்து மீஞ்சூர் போய் அதையும் மாட்டினேன். அதுவும் வரவில்லை. தங்கச்சி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். செத்த எஸ்எஸ்டியையும் புதிதையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், இன்னா வேலை பண்றீங்க?"

சொன்னேன்.

"பழசுல பாருங்க, ரெண்டு வெட்டு. புதுசுல ஒரு வெட்டு. ரெண்டு வெட்டுன்னா பெரும்பாலும் சாட்டா. இந்த மாடலு சாட்டா மட்டும்தான் எடுக்கும். ஸ்டிக்கர்லயே போட்டிருக்கே." ஆமாம், போட்டிருந்தது. "இந்த டைப்பு இப்ப எங்கிட்ட இல்ல. வர்றதெல்லாம் என்விஎம்இ. ரிச்சி ஸ்ட்ரீட்டுல கேளுங்க. ஸ்பீடு கம்மின்னு யோசிக்காதீங்க, டாலிக்கு இதுவே ஜாஸ்தி."

காசு வாங்கவில்லை. அது இன்னும் உறுத்தியது.

திரும்பி நடக்கும்போது தங்கச்சி, "ஸ்டிக்கர் ஃபோட்டோ அன்னைக்கே அனுப்பிச்சேனே ண்ணா" என்றாள், சாதாரணமாக. வாட்ஸாப்பைத் திறந்தேன். 12ஆம் தேதி, இரவு 10.40. நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும், அம்மாவின் தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் படம் எடுத்திருக்கிறாள். எம்.2, 2280, சாட்டா, 6 ஜிபி, எல்லாம் தெளிவாக இருந்தது. அதன் கீழே நான் போட்ட கட்டைவிரல். படத்தைத் திறந்து பார்க்காமலே போட்டது. ஆபீஸில் ஜூனியர் பையன் லாக் அனுப்பி, நான் இப்படிக் கட்டைவிரல் போட்டிருந்தால் மறுநாள் காலை மீட்டிங்கில் தலைகுனிந்திருப்பேன். வீட்டு வேலை என்றால் மட்டும் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது.

டேட்டா பெரிதாகப் போகவில்லை. அதிலும் என் பங்கு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் டாலி பேக்கப்பை பென் டிரைவில் எடுத்துவைப்பது அவள் பழக்கம். சனி முதல் புதன் வரை போட்ட என்ட்ரிகள்தான் போயின. புதன், வியாழன் இரண்டு நாளும் மேனேஜரிடம் கேட்டு, கம்பெனி சிஸ்டத்தில் ஒன்பது மணி வரை உட்கார்ந்து அவற்றைத் திரும்பப் போட்டு, பதிமூன்று கடைக்கு 3பி முடித்தாள். பதினாலாவது ஒரு ஹார்டுவேர் கடை. அவருடைய பில் கட்டு வீட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவ் போட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில் சாட்டா கிடைத்தது. பணம் கொடுக்கும் முன் தங்கச்சி அனுப்பிய படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். பிறகு நானும் வெட்டுகளை எண்ணினேன். இரண்டு.

சனிக்கிழமை மாட்டியதும் பயாஸில் பெயர் வந்தது. விண்டோஸ் ஏற்றி, டாலி போட்டு, பென் டிரைவிலிருந்து மீட்டு முடிக்க மதியம் தாண்டிவிட்டது. அவள் உட்கார்ந்து முதலில் ஹார்டுவேர் கடைக்காரரின் 3பியைப் போட்டாள். தாமதக் கட்டணம் என்ற இடத்தில் நூறு ரூபாய் காட்டியது. இரண்டு நாள்.

"அவருகிட்ட கேக்காத, நான் தரேன்" என்றேன்.

"நான் போட்டுக்கறேன், வுடு."

பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டி, மார்க்கரால் எழுதினாள்: எம்.2 சாட்டா 2280. யோசித்துவிட்டு அதன் கீழே தேதியையும் எழுதினாள். அந்த ஸ்க்ரூடிரைவரை அம்மாவின் மெஷின் டிராயரில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.