நகர்ந்த ஒளிப்புள்ளி

பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒருமுறை எனக்கு மேற்பார்வைப் பணி. மாணவன் ஒருவன் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாங்கியில் பொருத்தி, அதன் ஒளிப்புள்ளி தீக்குச்சியின் தலைமீது விழுமாறு அமைத்து, அட்டையால் மறைத்து வைத்திருந்தான். பத்து நிமிடம் கழித்து நான் சென்றதும் அட்டையை எடுத்தான். ஒளி, குச்சிக்கு அருகே வெறும் பலகையில் விழுந்தது. “தாங்கியைத் தட்டிவிட்டாய், கவனம் வேண்டாவா?” என்று கடிந்துகொண்டேன். “நான் தொடவேயில்லை, ஐயா” என்றான். நான் நம்பவில்லை.

அவன் கூறியது உண்மை என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின், கதிரொளியால் இயங்கும் லேசரைப் பற்றிப் படித்தபோது உணர்ந்தேன். புவியின் சுழற்சியால் கதிரவன் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. அதன் வட்டின் அகலமோ ஏறத்தாழ அரைப் பாகை. எனவே இரண்டே நிமிடங்களில் ஒளிப்புள்ளி தன் அகலமளவு விலகிவிடும்.

1966 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் சி. ஜி. யங், குவித்த கதிரொளியை நியோடிமியம் கலந்த யாக் படிகத்தில் செலுத்தி, ஏறத்தாழ 1 வாட் லேசர் ஒளியைப் பெற்றார். மின்சாரமின்றியே லேசர் பிறந்தது. ஆயினும் அதை நிலைநிறுத்துவது எளிதன்று. ஒளிப்புள்ளி சற்றே விலகினாலும் லேசரின் திறன் குன்றும். படிகத்தின் நடுப்பகுதி விளிம்பைவிட மிகுதியாகச் சூடேறுவதால், படிகமே ஒரு வில்லையைப்போல் செயல்பட்டுக் கற்றையின் வடிவைக் குலைக்கும்.

கதிரவனைக் கருவிகளால் பின்தொடர்வது ஒரு வழி. அதிலும் சிறு பிழை நேரலாம். ஆகவே, லிஸ்பன் நகரின் நோவா பல்கலைக்கழகத்தில் தாவெய் லியாங் குழுவினர் மற்றொரு வழியையும் ஆராய்ந்தனர். ஒரே தண்டுக்கு மாற்றாக மெல்லிய தண்டுகள் பலவற்றை அருகருகே அமைப்பதே அது. ஏழு தண்டுகள் கொண்ட அமைப்பையும் அவர்கள் வடிவமைத்தனர். ஒளி ஒரு தண்டைவிட்டு விலகினால் அடுத்த தண்டு அதனை ஏற்கும். தண்டுகள் மெல்லியவையாதலால், சுற்றி ஓடும் நீர் வெப்பத்தை விரைந்து அகற்றும்.

பிழை நேரும் என முன்னரே எண்ணி, அதற்கு இடமளித்த அவ்வமைப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. அன்று நான் அம்மாணவனுக்கு அவ்விடத்தை அளிக்கவில்லை. அவனிடம் வருத்தம் தெரிவிக்கவும் வாய்க்கவில்லை. இப்போது எவரேனும் “நான் தொடவேயில்லை, ஐயா” என்றால், கடிந்துகொள்ளுமுன் மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்க்கிறேன்.