கல்முனைக் கரையில் ஒரு கிற்றார்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கரையோரப் பெருந்தெருவிற் செல்வோர்க்கு இடப்புறம் கடற்காற்றும் வலப்புறம் வாவியும் வயலும் வழித்துணையாகும். களுவாஞ்சிக்குடியையும் பெரியநீலாவணையையும் கடந்தால் மருதமுனை. கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அதற்கும் தெற்கே சிறிது தொலைவிற் கல்முனைப் பட்டினம்.

சென்ற விடுமுறையில் என்னை மருதமுனைக்கு அழைத்தவன் என் மாணவன் ஒருவன். தந்தையின் தறியில் மாலைதோறும் நெய்து சேர்த்த பணத்திற் பழைய மின்கிற்றார் ஒன்றை வாங்கியிருந்தான். ஆசையோடு வாங்கிய கருவி அவனை ஏமாற்றிவிட்டது. கம்பிகள் உயர்ந்து நின்று விரலை வருத்தின. மேல் மெட்டுகளிற் சுரம் பிசகியது.

"கொழும்புக்கு அனுப்பினால் கூலியும் போக்குவரத்தும் சேர்ந்து பெருஞ்செலவாகும், சேர். நாமே சரிசெய்யலாமா?" என்று கேட்டான்.

எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது; பௌதிகம் கற்பிக்கத் தெரியும். அந்தத் துணிவோடு அளவுகோலும் திருகாணிக் கருவிகளுமாய் அமர்ந்தேன்.

உப்புக் காற்றில் துருவேறியிருந்த பழைய கம்பிகளை முதலில் மாற்றிச் சுருதி கூட்டினோம். கம்பிகளின் இழுவை கழுத்தை முன்னோக்கி வளைக்கும்; அதை எதிர்த்து நிற்கவே கழுத்தினுள் ஓர் இரும்புத்தண்டு உண்டு. ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருங்கே அழுத்தினால் அக்கம்பியே நேர்கோலாகிவிடும். நடுவிலே தெரியும் இடைவெளி ஏறக்குறைய 0.25 மில்லிமீற்றர், அதாவது தடித்த அழைப்பிதழின் கனம், இருந்தாற் போதும். தண்டின் ஆணியைக் காற்சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் சுருதி பார்த்துப் பார்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். பின்பு குதிரையைத் தாழ்த்தி, 12ஆம் மெட்டின்மேல் கம்பியின் உயரத்தை 2 மில்லிமீற்றருக்குக் குறைத்தோம்.

அடுத்தது சுரப் பிசகு. இக்கருவியிற் கம்பியின் நீளம் 648 மில்லிமீற்றர். அதன் சரிபாதியான 324இல் 12ஆம் மெட்டு. அங்கே அழுத்தினால் மேல் ஸ்தாயிச் சுரம் பிறக்கவேண்டும். ஆனால் அழுத்தும்போது கம்பி சற்றே இழுபடுவதால் சுரம் ஏறிவிடுகிறது. குதிரையைச் சிறிது பின்தள்ளிக் கம்பியின் நீளத்தைக் கூட்டினால் அந்த ஏற்றம் ஈடாகிவிடும். ஆறு கம்பிகளையும் இவ்வாறு ஒழுங்குசெய்ய இரண்டு மணிநேரம் பிடித்தது. பையனின் முகம் மலர்ந்தது.

ஒரு குறை மட்டும் எஞ்சியது. ஐந்தாம் மெட்டில் விரல் வைத்தாற் கம்பி இரைந்தது. ஆறாம் மெட்டு சற்று எழும்பி நின்றதே காரணம். வெற்றிக் களிப்பில் நான் அரத்தை எடுத்தேன். அதுவரை தறியில் இருந்தபடியே எம்மைக் கவனித்திருந்த பையனின் வாப்பா எழுந்து வந்தார்.

"சேர், பாவு தளர்ந்தால் நானே இழுத்துக் கட்டிக்கொள்வேன். கூடிப்போனால் திரும்பவும் தளர்த்தலாம். மரத்தைச் செதுக்கவேண்டி வந்தால் மட்டும் தச்சரைத்தான் கூப்பிடுவேன். செதுக்கின மரம் திரும்பி வராதே!" என்றார்.

"உண்மைதான், காக்கா" என்று அரத்தைக் கீழே வைத்தேன். என் கை தவறியிருந்தால் வீணாகியிருப்பது அந்தப் பிள்ளையின் பல மாத உழைப்பு. மெட்டை மட்டக்களப்பில் ஒரு கைவினைஞரிடம் சீர்செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன்.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் கரகரத்ததால் பிற்பகல் கல்முனைக் கடைத்தெருவில் வானொலி திருத்துபவர் ஒருவரிடம் சென்றோம். சில நிமிடங்களில் அவர் குமிழைச் சுத்தஞ்செய்து கொடுத்தார். மின்கிற்றாருக்குப் புகழ்பெற்ற அமெரிக்கரான லியோ ஃபென்டரும் வானொலி திருத்தும் கடை நடத்தியவரே. கிற்றார் வாசிக்க அறியாதவர் என்று நான் சொன்னபோது கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

பொழுது சாயுமுன் சாய்ந்தமருதைக் கடந்து காரைதீவை அடைந்தோம். 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் அது. விஞ்ஞானமும் தமிழும் கற்ற அவர், மறைந்துபோன யாழின் இயல்பைக் கணிதத்தின் துணையோடு ஆராய்ந்து, 1947இல் வெளிவந்த யாழ்நூலில் விளக்கினார். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவை அன்று காலை அளவுகோலாற் கண்ட பையன், அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து நின்றான்.

கருவியை உடையவன் அதன் இயல்பை அறிந்திருத்தல் நன்று. திருப்பியதை மீண்டும் திருப்பலாம் என்றால் தானே முயலலாம். அரிந்ததை ஒட்ட முடியாது என்றால் பழகிய கையைத் தேடவேண்டும். பட்டம் பெற்ற நான் இதைக் கற்றது ஒரு மருதமுனைத் தறியின் அருகிலே.