பிரதர்

வேளைகெட்ட வேளையில் வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் சிவகாசிப் பக்கத்தில் யாரும் செருப்பைத் தேட மாட்டார்கள். அப்படியே தெருவுக்கு ஓடிவந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். சாத்தூர்ப் பக்கமா, வெம்பக்கோட்டைப் பக்கமா? அந்தப் பக்கத்துப் பயராபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, யார் யார் போயிருக்கிறார்கள் என்று மனசு கணக்குப் போடும். எதிரே வருகிறவரிடம் கேட்பது ஒன்றுதான்: “வீட்டுல எல்லாரும் இருக்காங்களா?”

அந்தப் பழக்கம் என்னோடு மதுரைக்கும் வந்துவிட்டது. அரசரடி, தமிழ்நாடு இறையியல் கல்லூரி விடுதியில் முதல் ராத்திரி. வெளியே ஏதோ கல்யாண ஊர்வலத்தில் சரவெடி. தூக்கம் தெளிந்தபோது வெறுங்காலோடு கேட்டருகே நிற்கிறேன். பின்னாலேயே வந்த அறைக்காரர் கேட்டார்: “என்ன பிரதர், உடம்புக்கு முடியலையா?”

அங்கே எல்லாருக்கும் எல்லாரும் பிரதர்தான். பெயர் தெரியாத ஆளையும் அந்தச் சொல்லால் சமாளித்துவிடலாம். பேசப் பிடிக்காத ஆளையும்தான்.

தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களும் லுத்தரன்காரர்களும் 1969இல் சேர்ந்து தொடங்கிய கல்லூரி அது. எங்கள் அறையிலும் அந்தக் கலப்பு இருந்தது. தரங்கம்பாடிக்காரரும் குமரிக்காரரும் ஆராதனை முறையைப் பற்றி ராத்திரியெல்லாம் வாதாடுவார்கள். நானும் நீலகிரிக்காரரும் போர்வைக்குள் கிடப்போம். வாதம் ஓய்ந்தது சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்த அன்றைக்குத்தான். அதே பேப்பரில் ஊட்டி வர்க்கியும் ஏத்தங்காய்ச் சிப்ஸும் வந்து விழுந்தன. நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்த ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவு பாடம் நடத்திய கல்லூரி அது. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதையே இறையியலாகச் சொன்னவர் அவர். எங்களுக்கு உலைக்குப் பதில் பேப்பர்.

லீவில் ஊருக்குப் போனால் நான் பயராபீசில் மருந்து செலுத்தும் வேலைக்குப் போவேன். திரும்பி வரும்போது நகக்கண்ணில் அலுமினியப் பொடி மினுங்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. திருவிருந்தில் அப்பம் வாங்கக் கை நீட்ட வெட்கம். குமரிக்காரர் ஒருநாள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தேங்காய் எண்ணெயை எடுத்துத் தேய்த்துவிட்டார். அவர் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். கையில் ஒட்டிக்கொள்கிற வேலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். “காட்டுடே மக்கா, இன்னொரு கையை” என்றார். பிரதர் அன்றோடு போனது.

திருச்சபை வரலாற்று வகுப்பு ஒன்று ஞாபகம் வருகிறது. ராக்லாண்டு, பென், மெடோஸ் என்று மூன்று சிநேகிதர்கள். 1854 முதல் வட திருநெல்வேலி ஊர்களில் கூடாரம் அடித்துத் தங்கி ஊழியம் செய்தவர்கள். ராக்லாண்டு 1858இல் சிவகாசியில் இறந்தார் என்று கேட்டதும் பக்கத்திலிருந்து ஒரு முழங்கை இடித்தது: “உன் ஊருடே!” கூட இருந்தவர்கள் அதன்பிறகு எப்படி இருந்திருப்பார்கள் என்பதிலேயே அன்று முழுக்க என் நினைப்பு நின்றது.

அறைக்காரர்களிடம் ஒருநாள் முதல் ராத்திரிக் கதையைச் சொன்னேன். ஏன் ஓடினேன், ஊரில் என்ன கேட்பார்கள், எல்லாம். யாரும் சிரிக்கவில்லை.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு சபைக்குப் போனோம். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அவ்வளவுதான். 2012 செப்டம்பர் 5, புதன்கிழமை. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பயராபீஸ் வெடித்தது. நான் வெளியூர்ச் சபையில் இருந்தேன், விஷயமே தெரியாது. போன் அடித்தது. குமரிக்காரர்.

“மக்கா, வீட்டுல எல்லாரும் இருக்காங்களாடே?”

என் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். அன்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை.