கார்பனா, அலுமினியமா? நம் வீட்டில் நடந்த ஒரு மஷ்வரா



நாம் வாழும் இங்கிலாந்தில் இலையுதிர்காலம் தொடங்கியதும் பூங்காக்களிலும் மைதானங்களிலும் சைக்ளோகிராஸ் பந்தயங்கள் நடைபெறும். சேறும் புல்லும் நிறைந்த குறுகிய சுற்றுப்பாதையில் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஓட்ட வேண்டும். தடுப்புப் பலகைகளும் செங்குத்தான மேடுகளும் குறுக்கிடும் இடங்களில் இறங்கி, சைக்கிளைத் தோளில் சுமந்து ஓட வேண்டும்.

நம் 17 வயது மகன் இதில் கலந்துகொள்ள ஆசைப்பட்டான். பந்தயத்துக்கும் அன்றாடம் கல்லூரி செல்வதற்கும் ஒருசேர உதவும் கிராவல் சைக்கிள் ஒன்றைக் கேட்டான். அவன் விரும்பியது கார்பன் ஃபிரேம். அலுமினியத்தை விட ஏறத்தாழ 1,000 பவுண்டு கூடுதல்.

"இது இஸ்ராஃப்" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்தோம்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. "அத்தா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது. அறியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் போதித்து வரும் நாம், மார்க்கத்தின் சொல்லொன்றை எடுத்து நம் கஞ்சத்தனத்துக்குப் போர்வையாக்கியிருந்தோம். அன்றிரவு இஷாவுக்குப் பின் அவனை அழைத்து, "எங்களுக்குக் கற்றுக்கொடு" என்றோம்.

அவன் நேர்மையாகவே கற்றுக்கொடுத்தான். கார்பன் எடை குறைந்தது. தோளில் தூக்கும்போது அது தெரியும். பாதையின் அதிர்வையும் நன்கு உள்வாங்கும். ஆயினும் முழுச் சைக்கிளாக நிறுத்துப் பார்த்தால் வேறுபாடு பெரும்பாலும் ஒரு கிலோ அளவே. மழைநாளில் சேறு ஒட்டியே அந்த எடை ஏறிவிடும். முன்னணி வீரர்கள் இடையிடையே சைக்கிளை மாற்றிக்கொள்வார்கள்; உதவியாளர்கள் மற்றதைக் கழுவித் தயாராக வைப்பார்கள். நம் மகனுக்கு இருக்கப்போவதோ ஒரே சைக்கிள். மேலும், பலமாக அடிபட்டால் கார்பனின் உள்ளடுக்குகளில் ஏற்படும் சேதம் வெளியே தெரியாமலும் இருக்கலாம். அலுமினியத்தில் விழும் பள்ளம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்.

சைக்கிள் பழுதுபார்க்கும் சகோதரர் ஒருவர் இன்னொன்றையும் விளக்கினார். கிராவல் சைக்கிள் நீளமானது, தாழ்வானது. நேர்பாதையில் நிலையாகச் செல்லும், குறுகிய வளைவுகளில் சற்றுத் தாமதிக்கும். கார்பன் வாங்கினாலும் அந்தக் குணம் மாறாது. சேற்றில் பிடிப்பைத் தருவது டயரும் அதன் காற்றழுத்தமுமே. சர்வதேசப் போட்டிகளில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால், கிராவல் சைக்கிளின் அகன்ற டயருக்குப் பதிலாகச் சேற்றுக்குரிய மெல்லிய டயர் வாங்கிக்கொள்வது நல்லது என்றார்.

எல்லாவற்றையும் கேட்டபின், "நீயே முடிவு செய்" என்றோம். இரண்டு நாள் யோசித்து அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்தான். மிச்சப்பட்ட பணத்தில் ஒரு சிறு பகுதியை நல்ல டயர்களுக்குக் கேட்டான், மறுக்கவில்லை. பின்னர் தயங்கித் தயங்கி, "நண்பர்கள் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது, அத்தா" என்றான். அவன் தன் நிய்யத்தைச் சோதித்துக்கொண்டான். நம்முடையதைச் சோதிக்க அவனுடைய கேள்வி தேவைப்பட்டது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நீண்ட தூரத்தையும் பயிற்சி பெறாதவற்றுக்குக் குறுகிய தூரத்தையும் வகுத்தார்கள். வகுப்பில் பலமுறை நடத்திய ஹதீஸ்தான். ஒவ்வொன்றின் நிலையறிந்து அளவை வகுக்க வேண்டும் என்ற பாடம் இப்போதுதான் நமக்கு உறைத்தது. சிலருக்கு கார்பன் தேவையாக இருக்கலாம். அவர்களைப் பார்த்து இஸ்ராஃப் என்று சொல்ல இனி நாக்கு எழாது.

முதல் பந்தயத்தில் மகன் 38-ஆவதாக வந்தான். முகமெல்லாம் சேறு, அதற்குள் ஒரு சிரிப்பு. அல்ஹம்துலில்லாஹ். அஸருக்கு நேரமாகிவிட்டதால், முதலில் அவன் கைகால்களைக் கழுவ வேண்டியிருந்தது, சைக்கிள் காத்திருந்தது.